மெத்தை யாருக்கு?

பங்குத் தந்தை ஒருவர் மெத்தையைப் பற்றி எழுதப் புகுந்தால் வாசகர்கள் புன்னகை செய்வார்கள் என்பதை அறிவேன். குருமடத்தில் நாங்கள் படுத்தது பலகைக் கட்டில். அதன்மேல் இரண்டு விரல் கனத்தில் ஒரு பஞ்சுப் படுக்கை. அதுவே போதுமென்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டேன். தேயிலைத் தோட்டங்களின் கரடுமுரடான பாதைகளில் இருசக்கர வண்டியில் சென்று வருபவன் நான். ஐம்பத்தாறாம் வயதில், காலையில் எழுந்ததும் குனிந்து காலணி மாட்ட இயலாத நிலை வந்தது. குன்னூரில் என்னைச் சோதித்த மருத்துவர், எலும்பில் பெரிய கோளாறு இல்லை என்று கூறிச் சில பயிற்சிகளைக் கற்பித்தார். இறுதியில், "அந்தப் படுக்கையையும் மாற்றுங்கள், ஃபாதர்" என்றார்.

"எந்த மெத்தை நல்லது?" என்று கேட்டேன்.

"அதை நீங்கள்தாம் படுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்று சிரித்தார்.

அந்தப் பதிலின் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை. பின்னர் அதை எனக்கு விளங்க வைத்தவர் எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு தாய். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார்.

முதலில் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கூட்டத்திற்காகக் கோவை சென்றிருந்தபோது மெத்தைக் கடை ஒன்றில் நுழைந்தேன். இரண்டு மெத்தைகளைப் பக்கம் பக்கமாகக் காட்டினார்கள். ஒன்று ரப்பர்ப் பாலால் ஆன லேடெக்ஸ் மெத்தை. மற்றொன்று கம்பிச் சுருள்கள் வைத்த ஸ்பிரிங் மெத்தை. எது மேல் என்று கேட்டால், விலையைப் பொறுத்து இரண்டுமே மேல் என்றார் விற்பனையாளர். நானும் எல்லாரையும்போல் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தேன். ஸ்பிரிங் துள்ளிற்று, லேடெக்ஸ் மெல்ல அமுங்கி உடனே எழுந்தது. அதற்குமேல் ஒன்றும் தெரியாமல், வாங்காமலே மலையேறிவிட்டேன். கையா இரவு முழுதும் படுக்கப் போகிறது என்ற எண்ணம் பேருந்தில் வரும்போதுதான் எழுந்தது.

சில வாரங்கள் கழித்து, ஐப்பசி மழையில், குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடைப்பட்ட ஒரு தோட்டத்தில் வீடு சந்திக்கச் சென்றேன். அங்கேதான் அந்தத் தாயின் லயன் வீடு. அவருடைய பெற்றோர் இலங்கைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி, எழுபதுகளில் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரி வந்து சேர்ந்த குடும்பம் அது. தாயகம் திரும்பிய அத்தகைய மக்களுக்கு வேலை தருவதற்காகத்தான் 1968-இல் அரசு இங்கே தேயிலை பயிரிடத் தொடங்கியது. 1976-இல் அது தனிக் கழகமாயிற்று. டான்டீ என்று நாம் அழைப்பது அதைத்தான். இந்தத் தாய் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். மெலிந்த சரீரம். கொழுந்துக் கூடையின் கனம் அவர் முதுகை விட்டு இன்னும் இறங்கவில்லை.

அறையின் பாதியை அடைத்துக்கொண்டு, சிமெண்டுத் தரையின்மேல் ஒரு புதிய ஸ்பிரிங் மெத்தை கிடந்தது. கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல், அதன்மேல் பூப்போட்ட விரிப்பு ஒன்றை விரித்திருந்தார். திருப்பூரில் பனியன் ஆலையில் வேலை பார்க்கும் மகன், தாயின் முதுகுவலியைக் கேள்விப்பட்டு, கோவையில் வாங்கி வண்டியில் ஏற்றி அனுப்பியது.

"நல்ல மகன். நன்றாகத் தூங்குகிறீர்களா அம்மா?" என்றேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. அடுப்படி மூலையில் சுருட்டி வைத்திருந்த பழைய இலவம் பஞ்சுப் படுக்கையின்மேல் என் பார்வை சென்றதை அவர் கவனித்துவிட்டார்.

"மகன்கிட்ட சொல்லிடாதீங்க சாமி. அதுல படுத்தா பலகை மேல படுத்த மாதிரி தோளும் இடுப்பும் குத்துது. ராத்திரி பூரா புரண்டுகிட்டே கிடந்தேன். இப்ப இதைத்தான் அடுப்படியில விரிச்சுக்கிறேன். பன்னெண்டு மாசத் தவணை கட்டுறான் பிள்ளை. பாதிதான் கட்டியிருக்கான்."

மெத்தையின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் பிளாஸ்டிக்குக்கும் துணிக்கும் இடையே நீர்த்துளிகள். துணியின்மேல் கரும்புள்ளிகளாகப் பூசணம் பூத்திருந்தது.

அன்றிரவு எனக்கும் உறக்கம் வரவில்லை. மகன் அன்பில் குறை வைக்கவில்லை. பணத்திலும் குறை வைக்கவில்லை. ஆயினும் அந்தத் தாய் குளிர்ந்த தரையில் படுத்துக்கொண்டு, பிள்ளையிடம் தொலைபேசியில், "சொகமா தூங்குறேன்பா" என்று சொல்லி வந்திருக்கிறார். எங்கே பிழை நேர்ந்தது? அதை அறியத்தான் இந்த மெத்தைகளைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன்.

லேடெக்ஸைப் பற்றி எனக்குப் பாடம் சொன்னவர் அந்தத் தாயின் சொந்தத் தம்பி. அவர் குமரி மாவட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டும் தொழிலாளி. ஒரு திருமணத்திற்காக மலைக்கு வந்திருந்தார். விடியுமுன், குளிர்ச்சி இருக்கும்போதே மரத்தை வெட்டினால்தான் பால் நன்றாக வடியும் என்றார். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடி, பட்டையைச் சாய்வாகச் சீவிச் சிரட்டையை வைத்து வருவார்களாம். அப்படி வடியும் பாலில் நூற்றுக்கு முப்பது முதல் நாற்பது பங்குதான் ரப்பர். மற்றதில் பெரும்பங்கு நீர். உறையாமலிருக்க அம்மோனியா சேர்த்து, இயந்திரத்தில் சுழற்றி, ரப்பரின் பங்கை அறுபது வரை உயர்த்துவார்கள். அதுதான் மெத்தைக்குச் செல்லும் பால்.

பாலை மெத்தையாக்கும் வித்தை 1929-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்தது. டன்லப் நிறுவனத்தின் ஆய்வாளர் இ.ஏ. மர்ஃபியும் அவருடைய தோழர்களும், முட்டையை அடித்து நுரைக்க வைப்பதுபோல் ரப்பர்ப் பாலை நுரைக்க வைத்து, அந்த நுரை கலையாமல் இறுகச் செய்தார்கள். நுரையில் கந்தகம் முதலியன சேர்த்து அச்சில் வார்த்து, நீராவியில் வேக வைப்பார்கள். அச்சுக்குள் சூடு எங்கும் பரவுவதற்காக வரிசை வரிசையாக ஊசிகள் இருக்கும். லேடெக்ஸ் மெத்தையில் நாம் காணும் துளைகள் அந்த ஊசிகள் விட்ட தடங்களே. காற்று ஊடாடவும் அவை உதவுகின்றன. டலாலே என்னும் மற்றொரு முறையில், அச்சில் வார்த்த நுரையை முதலில் உறையக் குளிர்வித்து, கரியமில வாயுவைச் செலுத்தி இறுகச் செய்து, பிறகு சூடேற்றுவார்கள். அது மேலும் மென்மையாகவும் ஒரே சீராகவும் இருக்கும், விலையும் கூடுதல். லேடெக்ஸ் என்று பெயர் எழுதியிருப்பதெல்லாம் மரத்துப் பால் அன்று. செயற்கை ரப்பரும் அதனோடு கலந்ததும் உண்டு. கடையில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ரப்பர் பட்டால் தோல் தடித்து அரிக்கும் உடல்வாகு உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் வாங்கலாகாது.

ஸ்பிரிங் மெத்தையிலும் இருவகை உண்டு. முதல் வகையில், இடை சிறுத்த உடுக்கைபோன்ற சுருள்களை ஒன்றோடொன்று கம்பியால் பிணைத்திருப்பார்கள். ஒருவர் புரண்டால் பக்கத்தில் படுத்திருப்பவரும் அசைவார். இரண்டாம் வகையில் ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணிப்பைக்குள் இருக்கும். கனடாவில் ஜேம்ஸ் மார்ஷல் என்பவர் 1900-ஆம் ஆண்டையொட்டிக் கண்டுபிடித்த முறை அது. தோள் அழுத்தும் இடத்தில் தோளுக்குக் கீழுள்ள சுருள்கள் மட்டும் தாழும், மற்றவை நிற்கும். எந்த வகையானாலும் கம்பியின்மேல் உடல் நேராகப் படுவதில்லை. இடையே பஞ்சுநுரை அடுக்குகள் உள்ளன. பல மெத்தைகளில் கம்பி கெடுமுன் அந்த அடுக்குகளே அமுங்கிப் போகின்றன. ஆகவே எத்தனை சுருள் என்று எண்ணுவதோடு நில்லாமல், மேலடுக்கு எது என்றும் கேட்க வேண்டும்.

இனி அந்தத் தாயின் மெத்தைக்கு வருகிறேன். மகன் பெரிய உடற்கட்டு உள்ளவர். எண்பத்தைந்து கிலோ இருப்பார். கடையில் தாம் படுத்துப் பார்த்து, தம் எடைக்கு இதமாக இருந்த மெத்தையை, முதுகுவலிக்குக் கெட்டியானதே நல்லது என்ற எண்ணத்தில் தாய்க்கு வாங்கியிருக்கிறார். எண்பத்தைந்து கிலோவுக்குப் பணிந்த சுருள்கள் நாற்பத்திரண்டு கிலோவுக்குப் பணியவில்லை. தாய் ஒருக்களித்துப் படுப்பவர். தோளும் இடுப்பும் சற்றே இறங்கினால்தான் அவருக்கு முதுகெலும்பு நேராக நிற்கும். அவை இறங்காததால் உடலின் பாரமெல்லாம் அந்த இரண்டு எலும்புகளின்மேல் விழுந்தது.

கெட்டியான படுக்கையே முதுகுக்கு மருந்து என்பது நம்மிடையே வேரூன்றிய நம்பிக்கை. நானும் அதை நம்பித்தான் பலகையில் கிடந்தேன். ஸ்பெயின் நாட்டில், நெடுநாள் இடுப்புவலி உள்ள 313 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தி, அதன் முடிவை 2003-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். சிலருக்குக் கெட்டியான மெத்தையும் சிலருக்கு நடுத்தரமான மெத்தையும் கொடுத்து, எது எவருக்கு என்று சொல்லாமல் 90 நாள் கவனித்தார்கள். நடுத்தரமான மெத்தையில் படுத்தவர்களுக்கே வலியும் சிரமமும் அதிகம் குறைந்திருந்தன. முற்றிலும் மெத்தென்றிருப்பதும் உதவாது. இடுப்பு குழியில் இறங்கிவிடும்.

பூசணத்திற்குக் காரணம் நம் மலையின் ஈரம். உறங்கும் உடலிலிருந்து இரவு முழுதும் ஈரம் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. அது மெத்தைக்குள் இறங்கி, கீழே குளிர்ந்த தரையைச் சந்திக்கும்போது நீராகிறது. பிளாஸ்டிக் உறை இருந்தால் ஈரத்திற்கு வெளியேற வழியே இல்லை. மெத்தை அழுக்காகக் கூடாது என்று உறையைக் கழற்றாமல் வைத்திருக்கும் வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த அக்கறையே மெத்தையைக் கெடுக்கிறது. ஈரம் நெடுநாள் தங்கினால் கம்பியும் துருப்பிடிக்கும்.

மகன் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தார். அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுமாறு தாயிடம் பலமுறை வற்புறுத்தியிருந்தேன். நான் சொல்வது முறையன்று. அவர்தாம் சொல்ல வேண்டும். அன்று என்னையும் அழைத்து வைத்துக்கொண்டு, தேநீர் கொடுத்த கையோடு சொல்லிவிட்டார். மகன் சற்று நேரம் பேசவில்லை. எழுந்து அடுப்படிக்குச் சென்று, அந்தப் பழைய படுக்கையைத் தொட்டுப் பார்த்தார்.

"இத்தனை மாசமா ஏம்மா சொல்லல?"

"நீ ஆசையா வாங்கி அனுப்புனது. எப்படிடா சொல்வேன்?"

"நான்தான் கேட்டிருக்கணும்" என்றார் மகன். அதற்குமேல் அதைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை.

கடையில் மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். நல்லவேளையாகப் பூசணம் அடித்துணியைத் தாண்டி உள்ளே செல்லவில்லை. அந்தத் துணியை அகற்றி, வேறு துணி தைத்து, நன்றாகக் காற்றாட விட்டு, மெத்தையைத் திருப்பூருக்கே கொண்டுசென்றார் மகன். அங்கே சட்டக் கட்டிலின்மேல் இட்டு அவரே படுக்கிறார். இதைவிட நல்ல மெத்தையில் படுத்ததில்லை என்கிறார். மெத்தை மாறவில்லை, படுப்பவரும் இடமும் மாறின.

தாய்க்கு உள்ளூர்த் தச்சர் ஒருவர் கட்டில் செய்து கொடுத்தார். முழுப் பலகை வேண்டாம், இரண்டு அங்குலம் இடைவெளி விட்டுச் சட்டங்கள் அடியுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். பிறகு தாயையே கோவைக்கு அழைத்துச் சென்றோம். நாலு பேர் பார்க்கப் படுப்பதா என்று வெகுவாகக் கூச்சப்பட்டார். ஒவ்வொரு மெத்தையிலும் அவரை வழக்கம்போல் ஒருக்களித்துப் பத்து நிமிடம் படுக்கச் சொன்னோம். கழுத்திலிருந்து இடுப்புவரை முதுகு ஒரே கோடாக இருக்கிறதா என்று மகன் பின்னால் நின்று பார்த்தார். முழு லேடெக்ஸ் மெத்தை அவருக்குப் பிடித்திருந்தது. அதன் விலை பிடிக்கவில்லை. கனமும் அதிகம், தனியாக வாழ்பவர் அதைத் தூக்கிக் காற்றாட வைக்க முடியாது. இறுதியில், ரப்பர்ப் பால் தெளித்து இறுக்கிய தென்னை நார் நான்கு அங்குலமும், அதன்மேல் லேடெக்ஸ் இரண்டு அங்குலமும் உள்ள ஒன்றைத் தேர்ந்தார். விலை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

"இதுல என் தம்பி வெட்டின பாலும் கொஞ்சம் இருக்கும், இல்லையா சாமி?" என்று கேட்டார்.

இருக்கலாம் என்றேன். அந்தத் தம்பி தம் வீட்டில் இன்றும் பாயில்தான் படுக்கிறார் என்பதும் எங்கள் மூவருக்கும் தெரியும்.

அன்றே நானும் படுத்துப் பார்த்து, நடுத்தரமான லேடெக்ஸ் மெத்தை ஒன்றை எனக்கு வாங்கினேன். மரத்தளம் போட்ட உலர்ந்த அறை. தூக்க உதவிக்கு ஆள் உண்டு. ஆகவே எனக்கு அது பொருந்திற்று. முதல் வாரம் உடல் பழகவில்லை. இப்போது காலையில் காலணி மாட்ட முடிகிறது. மெத்தைக்கு எவ்வளவு பங்கு, மருத்துவர் கற்பித்த பயிற்சிக்கு எவ்வளவு பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

மலையில் வாழும் குடும்பங்களுக்குச் சில யோசனைகள் கூறி முடிக்கிறேன். மெத்தை எதுவானாலும் தரையில் இடாதீர்கள். சட்டக் கட்டில்மேல், சுவரிலிருந்து சற்றுத் தள்ளிப் போடுங்கள். பிளாஸ்டிக் உறையை முதல் நாளே கழற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறையேனும் மெத்தையை நிமிர்த்திக் காற்றுப் பட வையுங்கள். லேடெக்ஸை இலவம் பஞ்சு மெத்தைபோல் வெயிலில் காயப் போடாதீர்கள்; வெயில் பட்டால் ரப்பர் நாளடைவில் பொடிந்து போகும். நிழற்காற்றே அதற்குப் போதும். மெமரி ஃபோம் என்று விற்கும் மெத்தை, கோவைக் கடையின் வெப்பத்தில் மெத்தென்றிருந்து, உதகையின் மார்கழிக் குளிரில் இறுகிப் போகும்; லேடெக்ஸும் ஸ்பிரிங்கும் அவ்வளவாக மாறுவதில்லை. முதியவர்களுக்குக் கட்டிலும் மெத்தையும் சேர்ந்து முழங்கால் உயரம் இருக்கட்டும். பாதம் தரையில் பதிந்தால்தான் எழுவது எளிது. கணவன் மனைவி எடையில் பெரிதும் வேறுபட்டால், பிணைத்த ஸ்பிரிங்கைத் தவிர்த்து, லேடெக்ஸையோ தனிப்பைச் சுருளையோ பாருங்கள். பணம் இடம் கொடாவிட்டால் வருந்த வேண்டாம். பஞ்சடித்துப் புதுப்பித்த இலவம் பஞ்சு மெத்தையும் உயரமான கட்டிலும் பல முதுகுகளுக்கு இன்றும் போதுமானவை.

எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியூரில் உழைத்துப் பெற்றோருக்கு வாங்கி அனுப்பும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். படுக்கப் போகிறவரைக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். இயலாவிட்டால், அனுப்பிய பின்னராவது ஒருமுறை வந்து, இரவு அவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்று பாருங்கள். பெற்றோருக்கும் ஒரு சொல்: பிள்ளை மனம் நோகுமென்று வலியை மறைக்காதீர்கள்.

சென்ற மாதம் அந்த வீட்டுக்கு மறுபடியும் சென்றிருந்தேன். இலவம் பஞ்சுப் படுக்கையைச் சிறிய தலையணைகளாகத் தைத்திருந்தார். அடுப்படியில் அது கிடந்த இடத்தில் பூனை ஒன்று சுருண்டு உறங்கிக்கொண்டிருந்தது.